சாய்ந்த வாழையும் சமையல் அடுப்பும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கில் சூறைக்காற்று அடிக்கும்போதெல்லாம், கூடலூரிலிருந்து சின்னமனூர் வரையில் கடன் வாங்கிக் கன்று வைத்து, முட்டுக் கொடுத்துக் காப்பாற்றிய வாழைகள் தாரோடு ஒடிந்து சாய்வதும், முற்றாத காய் பழுக்காது என்று வியாபாரி கையை விரித்துவிட்டுப் போவதும், நாம் பத்திரிகையில் படித்து மறந்துவிடுகிற வழக்கமான செய்திகளாகிவிட்டன. நஷ்ட ஈடு பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், பேசவும் வேண்டும். அந்தக் காயை அடுப்பில் ஏற்றினால் என்ன என்று கேட்பாரைத்தான் காணோம்.

மொந்தன் பொரியலுக்கு, நேந்திரன் சிப்ஸுக்கு, ஜி-9 பழத்துக்கு மட்டும் என்று நாம் வாழைக்கும் ஜாதி வகுத்து வைத்திருக்கிறோம். இந்த ஆசாரம் கரீபியன் தீவுகளில் செல்லுபடியாகாது. 1516-ஆம் ஆண்டில் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து அங்கே கொண்டு சேர்த்ததாகச் சரித்திரம் சொல்லும் வாழை, பிற்காலத்தில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகும் பெருஞ்சரக்காக விருத்தியடைந்த போதிலும், ஜமைக்கா நாட்டுக் குடியானவன் அதை அந்நியன் தின்னும் பழமென்று ஒதுக்காமல், பச்சைக் காயாகவே தன் காலை ஆகாரத்தில் சேர்த்துக்கொண்டான். பழத்துக்கென்று பயிராகும் அதே வாழையின் காய்தான் அது. நம் ஜி-9 அடங்கிய கேவண்டிஷ் குடும்பமும் அதில் சேரும்.

அவர்கள் பக்குவமும் எளியது. காயின் இரு நுனிகளையும் நறுக்கி, தோலில் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டு, உப்பு நீரில் கறை ஒட்டாதிருக்கச் சிறிது எண்ணெயும் விட்டு வேகவைத்தால், தோல் தானே விரிந்து கழன்றுகொள்ளும். பக்கத்தில் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியுமட்டும் வற்றவைத்து, அதில் வெங்காயம், மிளகாயோடு உப்பிட்ட மீனைப் போட்டுக் கிளறி வைப்பார்கள். கருவாட்டுக் குழம்பின் மணமறிந்த நம் தேனிச் சீமைக்காரருக்கு இந்தச் சேர்க்கையின் ருசியை விளக்கவேண்டிய அவசியமில்லை. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் சென்ற மார்த்தினீக்கிலும், பச்சை வாழைக்காயும் உப்பிட்ட மீனும் பிரசித்தமான உணவு.

துவர்க்கும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வாழைப்பூவை மோரில் நறுக்கிப் போட்டுத் துவர்ப்பைப் போக்கத் தெரிந்த நம் பெண்மக்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: காற்றடித்த மறுநாளே கம்பம், தேனி உழவர் சந்தைகளில் சாய்ந்த தாரின் காயைச் சீப்புச் சீப்பாக விற்கத் தனி இடம் ஒதுக்கவேண்டும், அரசு மாணவர் விடுதிகளின் சமையற்கூடங்கள் அதை வாங்கவேண்டும். தோட்டம் முழுவதும் சாய்ந்தவனுக்கு இது ஈடாகாதுதான். ஆனாலும் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் கூலியையாவது அவன் கைப்பணத்திலிருந்து கொடுக்காமலிருக்க வழி பிறக்கும்.