கவணும் கல் நிரப்பிய கூடையும்

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் மேல் வைத்திருந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாக அடுக்கிச் செல்வார். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. கல் எறியும் கவணைச் சொன்ன அடிகள் அதோடு விட்டுவிடவில்லை. கல் இட்டுவைக்கும் கூடையையும் அதே பட்டியலில் சேர்க்கிறார். கவண் இருந்தும் கூடை வெறுமையாக இருந்தால் மதில் காப்பவன் என்ன செய்வான்? கருவியைப் பற்றிப் பேசுவோர் பலர். இருப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கூடலூர் மலை முகட்டில் கண்ணகி கோட்டத்தை நிமிர்ந்து பார்த்தே வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களாகிய நமக்கு, அந்தக் கூடையின் பொருள் சென்ற ஆண்டுதான் முழுமையாக விளங்கியது.

நம் மாணவி ஒருத்தி உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவள். தந்தை பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். தேசிய மாணவர் படையில் சேர்ந்து துப்பாக்கி சுடுதலில் பற்றுக் கொண்ட அவள், பின்னர் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டாள். துப்பாக்கி இரவல். ஆனால் ஈயக் குண்டை இரவல் வாங்கித் திருப்பித் தர முடியாது. நாளொன்றுக்கு எண்பது குண்டு சுட்டால், ஐந்நூறு குண்டு கொண்ட டப்பா ஒரு வாரம்கூடத் தாங்காது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். குறிப்பலகையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு 4.49, 4.50, 4.51 எனப் பிரித்து விற்கிறார்கள். எந்தக் குண்டு தன் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டபின், போட்டி முடியும்வரை அதை மாற்றமாட்டார்கள். போட்டித் தரமான குண்டுகள் பெரும்பாலும் ஜெர்மனி, செக் நாடு போன்ற இடங்களிலிருந்தே வருகின்றன. தேனியிலோ கம்பத்திலோ அவை கிடைக்கா. ஆகவே இணையக் கடை ஒன்றே வழி.

அவள் நான்கு டப்பாவுக்கு முழுப் பணமும் கட்டினாள். "கையிருப்பில் உள்ளது" என்றிருந்த பக்கம், பணம் போய்ச் சேர்ந்த மறுநாள் "விரைவில் அனுப்பப்படும்" என்றாயிற்று. இரண்டு வாரம் கழித்து "சரக்கு வந்துகொண்டிருக்கிறது". நான்காம் வாரம் மறுமொழியே இல்லை. நாற்பத்தேழாம் நாள், இருப்பில்லை என்று ஆணையை அவர்களே நீக்கினார்கள். பணம் திரும்பி வர மேலும் ஒன்பது நாள். அதுவரை வேறு டப்பா வாங்கக் கையில் காசில்லை. வேறொரு வகைக் குண்டைக் கடன் வாங்கிச் சுட்டாள். தகுதி மதிப்பெண்ணுக்கு நான்கு புள்ளி குறைந்தது. குண்டு மட்டுமே காரணம் என்று அவள் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம்.

அவள் தந்தை நம்மிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "கொடியில கொலையப் பாக்காம எந்த யாவாரியும் முன்பணம் தரமாட்டாய்ங்க ஐயா. இவய்ங்க நம்மகிட்டக் காசையும் வாங்கிட்டு, இன்னும் கொடியே நடலங்கிறாய்ங்களே!"

தட்டுப்பாட்டையே குற்றமாகச் சொல்வது நம் நோக்கமன்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கியோர் தொகை பெருகி, தோட்டாக் கடைகள் வெறுமையாயின. அதே ஆண்டு ஜூலையில் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன் தோட்டாத் தொழிலை வாங்கிய விஸ்டா அவுட்டோர், நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட ஆணைகள் நிலுவையில் நிற்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. 2022இல் உக்ரைன் போர் வந்தது. ஓராண்டில் பத்து இலட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக 2023 மார்ச்சில் உறுதி கூறிய ஐரோப்பிய ஒன்றியத்தால், அதில் ஏறத்தாழப் பாதியைத்தான் உரிய காலத்தில் தர முடிந்தது.

அதற்கான காரணங்களுள் ஒன்று நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பளிக்கும்: பஞ்சு! பருத்திக் கொட்டையில் ஒட்டி நிற்கும் குறும்பஞ்சை அமிலத்தில் இட்டுப் பெறும் நைட்ரோ செல்லுலோசே வெடிமருந்தின் அடிப்படை. அந்தக் குறும்பஞ்சுக்கு ஐரோப்பா பெரிதும் சீனாவையே நம்பியிருந்தது. பஞ்சாலைச் சங்கொலி கேட்டு விழித்த தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் பஞ்சு நூலாவதுதான் தெரியும். அது குண்டுக்கு உந்துவிசையாவது நீலகிரி அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குத் தெரியும். காற்றுத் துப்பாக்கிக்கு வெடிமருந்து வேண்டியதில்லை. அதன் குண்டு வெறும் ஈயம். ஆயினும் தொலைவில் செய்யப்பட்டு, கப்பலேறி, பல கை மாறி வரும் எப்பொருளுக்கும் இத்தகைய இடர் உண்டு என்பதை ஏற்கிறோம்.

ஆனால் தட்டுப்பாடு வேறு, அதை மறைப்பது வேறு. 2017இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, தரைப்படையின் 152 வகை வெடிபொருள்களில் 40 விழுக்காடு பத்து நாள் போருக்கும் போதாது என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிற்று. ஒரு நாடு தன் படைக்கலக் கொட்டிலின் குறையை ஊரறியச் சொல்ல முடிகிறது. ஓர் இணையக் கடையால் நான்கு டப்பா ஈயக் குண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை!

உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் உழவர் நண்பர் ஒருவர் நமக்குண்டு. தோட்டாவை இணையத்தில் வாங்க இயலாது. உரிமம் பெற்ற கடைக்கு நேரில் சென்று, உரிமப் புத்தகத்தில் பதிந்தே வாங்க வேண்டும். சரக்கு இல்லாவிட்டால் கடைக்காரர் "இல்லை, அடுத்த மாதம் பாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாராம். பேருந்துக் கட்டணம் நட்டம்தான். ஆயினும் கைப்பணம் கையிலேயே இருக்கிறது.

மின்னணு வணிகத்தின் இயல்பே அப்படித்தான் என்று சமாதானம் சொல்வோர் போடிநாயக்கனூருக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் அங்கும் கணினியில்தான் நடக்கிறது. வியாபாரி மாதிரியைக் கையிலெடுத்துப் பார்த்தபின்பே விலை கேட்கிறார். வராத சரக்குக்கு அங்கே விலை ஏறுவதில்லை. கருவி ஒன்றுதான், கையாளும் நேர்மைதான் வேறு.

சட்டத்திலும் வழி இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2020 மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாணவிக்கு இதை நாம் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். நமக்கே பிந்தித்தான் தெரிந்தது. அக்குறை நம்முடையது.

எனினும் புகார் என்பது நோய் வந்தபின் தேடும் மருந்து. நாம் வேண்டுவது மூன்றே. இருப்பு இல்லையெனில் பணம் வாங்குமுன்பே இல்லை என்று எழுதுங்கள். காத்திருக்க இசைபவரிடம் உத்தேச நாளைச் சொல்லி, பொருள் புறப்படும் நாளில் பணம் பெறுங்கள். நாள் தவறினால், கேட்கும் முன்னரே திருப்பித் தாருங்கள். பெருநகரத்துக்காரன் ஒரு கடை ஏமாற்றினால் அடுத்த தெருவுக்குப் போவான். மலையடிவாரத்துப் பெண்ணுக்கு அடுத்த தெரு இல்லை.

அவள் இப்போதும் நாள்தோறும் துப்பாக்கியைத் தூக்கி நிற்கிறாள். குண்டு இல்லாத நாட்களில் வெறுங்குழலைக் குறிவைத்து, மூச்சை அடக்கி, விசையை மட்டும் இழுத்துப் பழகுகிறாள். அதுவும் நல்ல பயிற்சிதான் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வெறுங்கூடையோடு மதில்மேல் நிற்பவளுக்கு, கூடை வெறுமையென்பதை முன்கூட்டியே சொல்லும் கடமையாவது நமக்கில்லையா?