கோட்டையில் பகைவன் இருக்கையில்

யூதர்களின் ஹனுக்கா விழாவைப் பற்றிக் கத்தோலிக்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் தங்கள் விவிலியத்தைத் திறந்து பார்க்கட்டும். மக்கபேயர் நூல்கள் இறைவாக்கே என்று பிரிந்த சகோதரரோடு வாதாடுகிறோம். இறந்தோருக்காகச் செபிப்பதற்கு அவற்றிலிருந்தே சான்று காட்டுகிறோம். ஆனால் அந்நூல்கள் எந்த விழாவின் பிறப்பைச் சொல்கின்றன என்று நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

கி.மு. 164, கிசிலேவு மாதம் 25-ஆம் நாள். அந்தியோக்கு எப்பிபான் தீட்டுப்படுத்திய எருசலேம் கோவிலை யூதா மக்கபேயும் அவருடைய சகோதரரும் தூய்மையாக்கி, புதிய பீடம் எழுப்பி, விளக்கேற்றி, எட்டு நாள் கொண்டாடினர். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த புதுமை பிற்காலத்துத் தல்மூத்தில் வருவது. மக்கபேயர் நூல்களில் அது இல்லை. அவை சொல்லும் மற்றொரு செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோவிலை அடுத்திருந்த கோட்டையில் அன்றும் பகைவரின் படை இருந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்தச் சிலரை அனுப்பிவிட்டே மற்றவர்கள் தூய்மைப் பணியில் இறங்கினர். அந்தக் கோட்டை சீமோனிடம் வீழ்ந்தது கி.மு. 141-இல், அதாவது 23 ஆண்டுகள் கழித்து! முதலில் பகைவன் ஒழியட்டும், பிறகு விளக்கேற்றலாம் என்று அவர்கள் காத்திருந்தார்களா?

காத்திருப்பவர்கள் நாம்தான். 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். புதிய மொழிபெயர்ப்பு அந்த நம்பிக்கையை 'எதிர்நோக்கு' என்றது. சொல் மாறியது. செயல்? துயருற்றவர் வீட்டுக்குச் சென்று, 'எல்லாம் சரியாகும், கடவுளை நம்புங்கள்' என்று கூறித் திரும்பிவிடுவதையே எதிர்நோக்கு என்கிறோம். நானும் அவ்வாறு சொல்லித் திரும்பியவன்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இறக்கப்படாத குளச்சலில், பிணங்களைத் தூக்கியவர்கள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. 2017-இல் ஒக்கி புயலில் காணாமற் போனவர்களைத் தேடித் தங்கள் படகுகளை எடுத்துச் சென்ற மீனவர்களும் நிலைமை சீராகட்டும் என்று கரையில் அமர்ந்திருக்கவில்லை.

மீன்பிடித் தொழிலுக்காகக் கொச்சித் தோப்பும்படித் துறைமுகம் செல்லும் நம் இளைஞர்கள் மட்டாஞ்சேரிக்கும் ஒருமுறை போய் வரலாம். 1568-இல் கட்டப்பட்ட யூதச் செபக்கூடம் அங்கே நிற்கிறது. 1948-இல் இஸ்ரயேல் நாடு பிறந்தபின் அம்மக்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டனர். பொது வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள்கூட அவ்வூரில் இன்று தேறுவதில்லை. ஆனால் ஹனுக்கா விளக்குக்குப் பத்துப் பேர் வேண்டியதில்லை. தனித்திருக்கும் முதியவர் ஒருவர் போதும். முதல் மாலை ஒன்று, மறுமாலை இரண்டு, இப்படியே எட்டு. தெருவில் போகிறவர் காணும்படி வாயிலிலோ சன்னலிலோ அதை வைக்கவேண்டும் என்பது விதி. மற்றவற்றை ஏற்றுவதற்கென்றே கூடுதலாக ஒரு விளக்கு உண்டு. அதன் பெயர் ஷமாஷ்; பணியாளன் என்று பொருள்.

இயேசுவும் இவ்விழா நாளில் கோவிலில் இருந்தார் என்கிறார் யோவான். குளிர்காலம், சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார். கல்லெறியக் கையோங்கியவர்களிடம், தாம் செய்த நற்செயல்களுள் எதற்காக இந்தக் கல் என்று கேட்டார். அவரால் சுட்டிக்காட்ட முடிந்தது. அதே கேள்வியைக் கேட்க நமக்கு வாய் வருமா?

திருவருகைக் காலம் வந்தால் நம் பங்குகளில் வண்ண விளக்குகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அடுத்த தெருவினரின் நட்சத்திரத்தைவிட நம்முடையது இரண்டடி உயரமாக இருக்கவேண்டும்! கடலில் கணவனை இழந்தவளின் கந்துவட்டிக் கடன் கூட்ட முடிவில், எல்லாரும் எழுந்தபின், இரண்டு நிமிடம் பேசப்படுகிறது. 'நம் கடனே தீரவில்லை, சாமி. முதலில் நாம் நிமிர்வோம்' என்று பதில் வருகிறது. நிமிராதவர்களுக்கு நாற்பதடி நட்சத்திரம் எதற்கு?

இவ்வாண்டு அலங்காரச் செலவின் கணக்கு என் மேசைக்கு வரும். அந்தப் பெண்ணின் வட்டிக் கணக்கையும் அதன் அருகிலேயே வைத்துக் கூட்டத்தைத் தொடங்குவேன். மறுப்பவர்கள் அன்று வந்து மறுக்கட்டும்.