21 வயதானால் பெற்ற பிள்ளை அந்நியனா?

சகோதரனே!

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். இது நமக்குப் பழகிய விஷயம். ஆனால் தகப்பன் வேலையில் இருக்கும்போதே, அதே வீட்டில் வளர்ந்த பிள்ளையை மட்டும் "நீ வெளியே போ" என்று சொன்னால் பொறுப்பாயா? அமெரிக்காவில் அதுதான் நடக்கிறது!

நம் வட்டங்களில் பிறந்து, கணிப்பொறி படித்து, எச்1பி விசாவில் அங்கே போனவர்கள் உண்டு. அவர்கள் தூக்கிச் சென்ற கைக்குழந்தை எச்4 விசாவில் இருக்கிறது. படிப்பது, பேசுவது எல்லாம் அந்த ஊர்தான். 21 வயது நிறைந்தால், சட்டத்தின் கண்ணில் அது 'பிள்ளை' இல்லை! மாணவர் விசாவோ வேறு விசாவோ தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும்.

அதற்குள் கிரீன் கார்டு ஏன் கிடைக்கவில்லை? வேலை வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். ஒரு நாட்டுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் 7. சில லட்சம் பேர் வாழும் தீவுக்கும் அதே 7! இதுவா சமநீதி? இந்தியர்களின் வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்கிறது. பிள்ளையின் வயது நிற்குமா?

"பாதுகாப்புச் சட்டம்தான் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2002 ஆகஸ்ட் 6இல் வந்தது. அதன் கணக்கைப் பார்! விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்ன? நிறுவனம் போட்ட மனு அலுவலகத்தில் கிடந்த நாட்களை அதிலிருந்து கழிக்க வேண்டும். வயது 21 வருடம் 4 மாதம், மனு கிடந்தது 6 மாதம் என்றால் 20 வருடம் 10 மாதம். பிழைத்தான். ஆனால் மனு ஏற்கப்பட்ட பிறகு வரிசையில் நின்ற ஆண்டுகள்? ஒரு நாள்கூடக் கழியாது! கூடுதல் கட்டணம் கட்டிச் சில வாரத்தில் மனுவை முடித்தவனுக்குக் கழிவும் அந்தச் சில வாரம்தான். அவசரப்பட்டவனுக்கு இது தண்டனை!

2023 பிப்ரவரியில் ஒரு சலுகை தந்தார்கள். விண்ணப்பம் கொடுக்கத் தகுதியாகும் முந்தைய தேதியையே வயதுக் கணக்குக்கு எடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அதையும் பறித்துவிட்டார்கள். இறுதித் தேதிதான் இனி கணக்கு. இரண்டு தேதிக்கும் நடுவில் 21ஐத் தாண்டும் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

மனமிருந்தால் விதி மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தகப்பன் தன் பொறுப்பில் மகனை வைத்துக்கொள்ள 18 என்றிருந்த வயதை 2022இல் 25 ஆக்கினார்கள். மணமாகாத மகளுக்கு வயது வரம்பே இல்லை.

வியாபாரிகளே! மகனையும் மருமகனையும் வழியனுப்பிவிட்டு, கார்டு வந்துவிடும் என்று கடையில் உட்கார்ந்திருக்காதீர்கள். பேரப் பிள்ளையின் பிறப்புச் சான்றும், மனு கொடுத்த நாளும், ஏற்கப்பட்ட நாளும் எழுதி பத்திரமாக இருக்கட்டும். விசா எண் கிடைத்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் கழிவும் போகும்.

இளைஞனே! அவர்கள் அனுப்பும் டாலரை வரவு வைக்கும் டெல்லி, அவர்களின் பிள்ளைகளுக்காக வாய் திறந்ததா? ஓட்டுக் கேட்டு வரும் நம் கடலூர்த் தொகுதி வேட்பாளரிடம் கேள். நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலைக்காகக் கொடி பிடித்து நின்ற ஊர் இது. காத்திருப்பவனின் வயதை எந்த அலுவலகமும் தானாக எண்ணாது. கேட்டால்தான் எண்ணும்!

சிந்திப்பாய்! செயல்படுவாய்!