சிறுநீர்க் கட்டுப்பாடும் முதியோரின் பங்கும்

பக்கவாதத்தினாலோ இடுப்பெலும்பு முறிவினாலோ படுக்கையுற்ற முதியோர் மீண்டும் நடக்கப் பழகுங்காலத்தில், அவர்களைப் பெரிதும் வாட்டுவன வலியும் தளர்ச்சியும் மட்டுமல்ல. சிறுநீரை அடக்க இயலாமையும் ஆகும். அதனை வெளியிற் சொல்ல நாணிப் பலர் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் சிறுநீர் செறிவடைந்து பையை உறுத்துகின்றது. மலச்சிக்கலும் உடன்சேர்ந்து தொல்லை மிகுகின்றது.

நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நிகழ்வது யாது? வைத்தியர் மகனை வினவுகின்றார். மகன் விடை கூறுகின்றார். டயாபரோ குழாயோ முடிவாகின்றது. படுத்திருப்பவரை எவரும் கேட்பதில்லை. குழாய் சில வேளைகளில் இன்றியமையாததே. எனினும் அது உடலில் தங்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்றும் வாய்ப்பு வளர்கின்றது. ஆகவே, பிறருடைய வசதிக்காக அதனை நீட்டித்தல் முறையன்று.

நோயாளியே செய்யத்தக்கவை பல உள. எப்பொழுது எவ்வளவு நீர் அருந்தினார், எப்பொழுது கழித்தார், எப்பொழுது கசிந்தது என்பவற்றை 3 நாட்களுக்கு அவரே குறித்து வரலாம். எழுத இயலாதவர் சொல்ல, உடனிருப்பவர் எழுதலாம். அக்குறிப்பைக் கண்டு, நீர் பிரியச் செய்யும் மாத்திரையின் வேளையை வைத்தியர் மாற்றக்கூடும். இரவில் கழிப்பறைக்கு விரைந்து வழுக்கி விழும் அபாயமும் அதனாற் குறையலாம். இருமும்போதும் தும்மும்போதும் கசிவுறும் பெண்டிர்க்கென 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கிய இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒருவருக்காக மற்றொருவர் செய்தல் இயலாது. 3 மாதங்களேனும் அவரே முயலவேண்டும்.

நினைவு தளர்ந்தோர்க்கு இவை எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கலாம். குறித்த வேளைகளில், "இப்பொழுது போகவேண்டுமா?" என அவரைக் கேட்டுத் துணைபுரிதலே ஒரு சிகிச்சை முறையாகும். அங்கும் விடையளிப்பவர் அவரேயாவர்.

மத்திய அரசு 2010-11-ஆம் ஆண்டில் தொடங்கிய முதியோர் உடல்நலத் தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் வார்டுகளை அமைக்க வகைசெய்தது. இத்தகைய வார்டுகளில் எழுதப்படும் நோயாளிக் குறிப்பில், "இது குறித்துத் தங்கள் விருப்பம் யாது?" என்னும் ஒரு வினாவையும் சேர்த்தல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. வீடு திரும்பித் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வதா, பிறர் கையை எதிர்நோக்கிக் கிடப்பதா என்பது பல முதியோர்க்கு இதனைப் பொறுத்ததே. அவர்களுடைய உடலைப் பற்றிய முடிவில் அவர்களுக்கே முதலிடம் அளித்தல் சிகிச்சையின் ஓர் அங்கமேயன்றிச் சலுகை அன்று என்பது எமது துணிபு.