மீண்டும் விரித்த பாய்

சென்ற வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையைத் தரிசிப்பதற்காகச் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தோம். கூட்டத்தில் நசுங்காமல் பிழைத்து நண்பர் வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று எண்ணினோம். உற்சவ நாளானாலும் அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவசரமான முகூர்த்தப் புடவையாம். அந்த ஓசை தாலாட்டாகவே இருந்தது. ஆனால் கூடத்தில் மூண்ட தர்க்கம் நம்மைத் தூங்கவிடவில்லை.

நண்பரின் மனைவியார் வாடகை நூல்நிலையத்திலிருந்து ஒரு நாவல் கொண்டு வந்திருந்தார். கதை பழகிய கதைதான். ஒரு சிறிய ஊர். கட்டிய மனைவியை விட்டுப் போன ஒருவன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ரயிலிலிருந்து அதே ஊரில் இறங்குகிறான். குளத்தங்கரையில் அவளைப் பார்க்கிறான். மேற்கொண்டு நடப்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"ஊரில் இல்லாத கூத்து!" என்றார் நண்பரின் தாயார்.

"ஊரில் இல்லைதான், அம்மா. அதனால்தானே படிக்கிறேன்" என்றார் மருமகள். "இந்தத் தெருவிலேயே போனவர்கள் திரும்பி வந்ததுண்டு. 'நான் செய்தது தப்பு' என்று வாய் திறந்து சொன்னவர் யார்? கதையில் வருகிறவன் அதைச் சொல்லுகிறான்."

இம்மாதிரி நாவல்களைப் பற்றிச் சற்று இளக்காரமாகப் பேசலாமென்று எழுந்து உட்கார்ந்த நாம், பேசாமல் திரும்பப் படுத்துக்கொண்டோம். தூக்கம் வரவில்லை, யோசனைதான் வந்தது.

பிரிந்தவர் கூடும் கதையில் நமக்குள்ள மோகம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நளன் நடுக் காட்டில், நள்ளிரவில், உடுத்திய ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு தமயந்தியை விட்டுப் போனான். அவளோ இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்பி, தேரோட்டியாய் மறைந்திருந்தவனைத் தன் ஊருக்கே வரவழைத்தாள். இக்கதையைத் தமிழில் பாடிய புகழேந்தியைத் தொண்டை நாட்டுக் களத்தூர்க்காரர் என்பார்கள். ஆகவே காஞ்சிக்கு அண்டை அயல்தான். நளவெண்பாவின் மூன்று காண்டங்களில் கடைசிக் காண்டம் முழுவதும், இழந்ததைத் திரும்பப் பெறுவதைப் பற்றியது. சீமையிலும் இதே கதைதான். ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1817-ல் காலமானார். அவ்வருஷக் கடைசியில் வெளிவந்த அவருடைய 'பெர்சுவேஷன்' நாவலில், பிறர் பேச்சைக் கேட்டுக் காதலனை மறுத்த ஒரு பெண் எட்டு வருஷத்துக்குப் பிறகு அவனை மறுபடி சந்திக்கிறாள்.

சரி, இக்கதைகளுக்குச் சிறிய ஊர் எதற்கு? பட்டணத்தில் பிரிந்தவர்கள் ஆயுள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் காலந்தள்ளிவிடலாம். சின்ன காஞ்சிபுரத்தில் அது நடவாது. அதே மாட வீதி, அதே குளம், வைகாசி பிறந்தால் எங்கே இருப்பவரும் ஊருக்கு வந்தாக வேண்டும். ஊர் எதையும் மறப்பதில்லை. அனந்தசரஸில் மறைந்திருக்கும் அத்தி வரதரை 1979-ல் இளைஞராய்ச் சேவித்தவர்கள், 2019-ல் அவர் 48 நாள் எழுந்தருளியிருந்தபோது நரைத்த தலையோடு வந்து அதே வாசலில் நின்றார்கள். இப்படி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும் இடத்தில்தான் திரும்பி வருகிறவனுடைய காலடிக்குக் கனம் ஏற்படுகிறது.

ஆனால் திரும்பி வருவதில் இரண்டு விதம் உண்டு. இதை விளக்க நாவல் உலகத்துக்குப் போக வேண்டாம்; நண்பர் வீட்டுக்குச் சமீபத்தில் உள்ள சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயிலுக்குப் போனால் போதும்.

திருமழிசை ஆழ்வார் அருளால் கிழவி ஒருத்தி குமரியானாள். அவளை மணந்த பல்லவ மன்னன், தனக்கும் அந்த இளமை வேண்டுமென்று ஆசைப்பட்டான். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணர் அதற்கு இணங்கவில்லை. அரசன் அவரை ஊரை விட்டு ஓட்டினான். சீடர் பின்னே ஆழ்வார் புறப்பட்டார். ஆழ்வார் சொல்லுக்கிணங்கப் பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்! அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்று சொல்லுகிறார்கள். ஊர் பாழடையவே, அரசன் ஓடிச் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினான். எல்லோரும் திரும்பினார்கள். பெருமாள் மறுபடியும் பாயை விரித்துப் படுத்தார். ஆனால் வழக்கத்துக்கு மாறாகத் திருமுடியை மறு பக்கம் வைத்துப் படுத்தார். இன்றைக்கும் அப்படியே சயனித்திருக்கிறார்.

அரசன் கேட்டதும் ஒரு மறு வாய்ப்புத்தான். கழிந்த வருஷங்கள் கழியாதவை போல் ஆகிவிட வேண்டும் என்றான். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட பிறகு கிடைத்ததோ வேறு: போனவர் வந்தார், போனதன் அடையாளமும் கூடவே வந்தது.

மட்டமான நாவல் அரசனுடைய ஆசையை நிறைவேற்றுகிறது. ஒரு துளிக் கண்ணீர், ஒரு மழை, பன்னிரண்டு வருஷம் மாயமாய் மறைந்துவிடும். நல்ல நாவல் அந்த வருஷங்களைக் கணக்கில் வைக்கிறது. பாரதத்துத் தமயந்தி நளனை ஓடோடி வந்து தழுவிக்கொள்ளவில்லை. அவன் சமைத்ததைக் கொண்டுவரச் சொல்லிச் சுவைத்துப் பார்க்கிறாள். குழந்தைகளை அனுப்பிச் சோதிக்கிறாள். உறங்குகிற மனைவியைக் காட்டில் விட்டுப் போவது தர்மமா என்று நேருக்கு நேர் கேட்கிறாள். பழைய பாவு தீர்ந்ததும் அதன் முனையோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதைக் காஞ்சிபுரத்தார் அறிவார்கள். அங்கே அவசரம் உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய்ப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் நோகடிக்கப்பட்டவரின் உரிமை. 'போனது போகட்டும், சமாதானமாய்ப் போ' என்று அவள் சார்பில் தாராளமாய் மன்னித்துவிடுவதற்கு ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கல்கியின் 'தியாக பூமி' 1938-39-ல் விகடனில் தொடர்கதையாக வந்து, 1939-ல் கே. சுப்பிரமணியத்தின் டைரக்ஷனில் படமாகவும் வெளியாயிற்று. அதில் மனைவியை விரட்டிய ஸ்ரீதரன், அவள் செல்வத்தோடு திரும்பிய பிறகு, சேர்ந்து வாழ வேண்டுமென்று வழக்குத் தொடுக்கிறான். சாவித்திரி மறுத்துவிடுகிறாள், வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகவும் சொல்லுகிறாள். மறுக்கவும் முடியும் என்றால்தான், அவள் 'சரி' என்று சொல்லும் இடத்தில் கதைக்கு உயிர் இருக்கும்.

மறுநாள் காலை விடைபெற்றுக்கொள்ளும் சமயம். மருமகள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் தூணோரம் உட்கார்ந்து பூத்தொடுத்தபடியே, யாரையும் பாராமல் கேட்டார்:

"அந்தப் பெண் அவனைச் சேர்த்துக்கொண்டாளா?"

"சேர்த்துக்கொண்டாள், அம்மா."

"உடனேயா?"

"இல்லை. முந்நூறாவது பக்கத்தில்."

கிழவியார் நாலு பூ தொடுக்கும் நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அதைத் திருப்பிக் கொடுக்க அப்படி என்ன அவசரம்? இங்கே வை" என்றார்.