இல்லாமைக்கு ஒறுப்புக் கட்டணமா?

வைத்தவன் பொருளைக் காப்பது வைப்பகம். பெயரே அதன் பணியைச் சொல்லிவிடுகின்றது. வைத்த பொருள் குறைந்து போயிற்று என்னும் ஒரே கரணியத்தால் எஞ்சிய பொருளையும் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அப்பெயர் பொருந்துமா?

2023 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டரசு மகளிர் உரிமைத்தொகையை வழங்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா. தொகை கணக்கில் ஏறிய சில நாள்களிலேயே, அதனை எடுக்கச் சென்றோருட் சிலர் முழுத்தொகை கிடைக்காமல் திரும்பினர் என்னும் செய்தி எழுந்தது. கணக்கில் குறைந்த அளவு இருப்பு வைக்கவில்லை என்று சொல்லிச் சில வைப்பகங்கள் அப்பணத்தில் கைவைத்திருந்தன. மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அவ்வாறு பிடித்தல் கூடாதென அறிக்கை விடுத்தார். பணம் பிடிக்கப்பட்டோர் 1100 என்னும் முதலமைச்சரின் உதவி எண்ணுக்கு முறையிடலாம் என்றும் அறிவித்தார். நன்று. ஆயினும், அமைச்சர் வாய்திறந்தால்தான் ஓர் ஏழைப் பெண்ணின் ஆயிரம் உருபா அவள் கைக்கு வரும் என்னும் நிலை நல்ல நிலையன்று. அவ்வறிக்கைக்குப் பல்லாண்டு முன்னரே அவளுக்கு ஓர் உரிமை எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதனை அவளுக்குச் சொல்வார்தாம் இல்லை.

ரிசர்வ் வங்கி என மக்கள் வழங்கும் இந்திய ஏம வைப்பகம் 2014 நவம்பர் 20-ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. 2015 ஏப்பிரல் முதல்நாள் தொட்டு அது நடைமுறைக்கு வந்தது. சேமிப்புக் கணக்கில் இருப்புக் குறைந்தால் உடனே பணம் பிடித்தல் கூடாது. குறைந்த செய்தியைக் கணக்கினர்க்கு முதலில் அறிவித்தல் வேண்டும். அறிவித்த நாளிலிருந்து ஒரு திங்களுக்குக் குறையாத தவணை தருதல் வேண்டும். அதன்பின்னும் குறை நிரப்பப்படாவிடிலேயே கட்டணம் பிடிக்கலாம். அக்கட்டணமும் குறைந்த தொகையின் அளவுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். பத்து உருபா குறைந்தவனுக்கும் ஆயிரம் உருபா குறைந்தவனுக்கும் ஒரே ஒறுப்பு என்பது முறையன்று. எல்லாவற்றினும் தலையாயது ஒன்று: இக்கட்டணம் பிடிப்பதனால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு சுழிக்குக் கீழே இறங்கிவிடல் ஆகாது.

இதன் பொருளை ஒரு காட்டால் விளக்கலாம். ஒரு மூதாட்டியின் கணக்கில் 240 உருபா இருப்பதாகக் கொள்வோம். வேண்டிய இருப்பு 1,000. வைப்பகம் திங்களுக்கு 100 உருபா ஒறுப்பும், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு பணி வரியுமாக 118 உருபா பிடிக்கின்றது. முதல் திங்களில் இருப்பு 122; இரண்டாம் திங்களில் வெறும் 4; மூன்றாம் திங்களில் 114 உருபா கடன். கடன் வாங்காமலே கடன்காரியாகிவிட்டாள். மிகைப்பற்று என்பது வணிகன் கேட்டுப் பெறும் ஒரு வாய்ப்பு. இவளோ அச்சொல்லையே கேட்டறியாதவள். உரிமைத்தொகை ஆயிரம் வந்தவுடன் 114 விழுங்கப்பட, 886 எஞ்சுகின்றது. ஒருவரும் அவளுக்கு முன்னறிவிப்புத் தரவில்லையெனின் மூன்று பிடித்தங்களும் ஒழுங்குக்கு மாறானவை. மூன்றாவதோ எவ்வறிவிப்புத் தந்திருந்தாலும் மாறானதே. ஆக 354 உருபாவும் அவளுக்குத் திரும்ப வேண்டியவை. இரந்து பெறுவன அல்ல, அவளுடையவை.

கிளைக்குச் சென்று வாயாற் கேட்டால், “கணினி தானே பிடித்துக்கொண்டது, அம்மா” என்னும் விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். கணினிக்கு ஆணையிட்டவர் யார் என்று அவள் திருப்பிக் கேட்பதில்லை. வணக்கம் சொல்லித் திரும்பிவிடுகின்றாள். வாய்ச்சொல் காற்றோடு போகும். தாளிலிட்ட எழுத்து நிற்கும். ஆகையால் மடலாக எழுதுக. கணக்குப் பொத்தகத்தில் வரவு செலவைப் பதிவித்து, பிடித்த நாளையும் தொகையையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுக. எந்த நாளில் எவ்வழியாக முன்னறிவிப்பு விடுத்தீர்கள் என்று கேட்க. கட்டணத்தால் கணக்கு சுழிக்குக் கீழிறங்கிய நாளைச் சுட்டுக. திருப்பித் தரவேண்டிய தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக. படி ஒன்றில் கிளையின் முத்திரையும் நாளும் பெற்று வைத்துக்கொள்க. சினமும் வேண்டா, கெஞ்சலும் வேண்டா. முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தர் இவ்விதியை வகுத்தவர் அல்லர்.

மடலைத் தமிழிலேயே எழுதலாமா எனப் பலர் தயங்குகின்றனர். தயக்கம் எதற்கு? படிவங்களும் கணக்குப் பொத்தகமும் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு அவ்வம் மாநில மொழியிலும் இருத்தல் வேண்டுமென ஏம வைப்பகமே வைப்பகங்களுக்குச் சொல்லியுள்ளது. இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னறிவிப்பு என்பது அறிவிப்பதற்காகத்தானே? ஆங்கிலம் அறியாதவளின் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியை எறிந்துவிட்டு, அறிவித்துவிட்டோம் என்பது ஊமைக்கனவை ஒத்தது. கண்டவர்க்கன்றிப் பிறர்க்கு விளங்காது. அச்செய்தியைப் படித்துச் சொல்லப் பேரன் விடுமுறைக்கு வரும்வரை அவள் காத்திருத்தல் வேண்டுமா?

வைப்பகங்களின் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. கணக்கு ஒன்றைப் பேணச் செலவாகின்றது. சிறு இருப்பால் அச்செலவு ஈடாகாது என்பர். பொய்யன்று. ஆனால் அச்செலவை யார் தலையில் ஏற்றுவது? 2019-20 முதல் 2023-24 வரையான ஐந்தாண்டுகளில் அரசுடைமை வைப்பகங்கள் இவ்வகையில் ஏறத்தாழ 8,500 கோடி உருபா பெற்றன என நடுவணரசே 2024-இல் மக்களவையில் விடையளித்தது. பெருஞ்செல்வர் கணக்கிலிருந்து இஃது ஒரு காசும் வந்திராது. அவர்க்கு இருப்புக் குறைவதே இல்லையன்றோ! இத்தனைக்கும் பாரத அரச வங்கி 2020 மார்ச்சிலேயே இக்கட்டணத்தைக் கைவிட்டது. 2025-இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி முதலியனவும் அவ்வழி வந்தன. பேணும் செலவுக்கு அவை வேறு வழி கண்டுகொண்டனவே. அதே 2025 ஆகட்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, பெருநகரங்களில் புதுக்கணக்குத் தொடங்குவோர் 50,000 உருபா இருப்பு வைத்தல் வேண்டுமென்றது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் 15,000 ஆகக் குறைத்தது. கேட்டால் குறைக்க முடிகின்றது என்பது அதனால் தெரிந்தது.

முன்னறிவிப்பும் தவணையும் முறையாகத் தரப்பட்டு, கணக்கும் சுழிக்குக் கீழிறங்காதிருப்பின், பணம் திரும்ப வருதல் உறுதியன்று; இதனை மறைத்தல் நேர்மையாகாது. அந்நிலையில் அதே கிளையில் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு எழுதிக் கேட்டல் நலம். 2012-இல் அப்பெயரில் வந்த அக்கணக்குக்குக் குறைந்த அளவு இருப்பு என ஒன்றும் வேண்டியதில்லை.

முறையான மடலுக்கு முப்பது நாளில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், காலந்தாழ்த்தாது ஏம வைப்பகத்தின் குறைதீர்ப்பாளர்க்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. வழி தெரியாதோர் 14448 என்னும் எண்ணில் தமிழிலேயே கேட்டறியலாம். முத்திரையிட்ட அந்தப் படியை மட்டும் மூதாட்டி தொலைத்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும்.