இறகும் கம்பளி நூலும்

மீன் பிடிப்பதில் பல தினுசு உண்டு. வலை வீசுவோர், பறி வைப்போர், புழுவைக் கோத்துத் தூண்டிலிடுவோர் ஆகிய மூவரையும் நாம் அறிவோம். நான்காவதாக ஒரு தினுசு இருக்கிறது. அதற்கு மண்புழு வேண்டாம், தக்கை வேண்டாம், ஈயக் குண்டும் வேண்டாம். தூண்டில் முள்ளின்மேல் சிறிது இறகையும் நூலையும் சுற்றி, அதை உயிருள்ள பூச்சியைப்போல் நீரில் இறங்கச் செய்து மீனை வசப்படுத்துவதே அந்த வித்தை. இங்கிலீஷ்காரர் அதை 'ஃப்ளை ஃபிஷிங்' என்பர். நாம் 'ஈத் தூண்டில்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

என்னிடம் முன்பு படித்து, இப்போது உதகையில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒருவர், இந்த வித்தைக்கு வேண்டிய சாமான்களின் விலைப் பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது ஜமீன்தார்களுக்கு ஏற்பட்ட விளையாட்டு. சம்பளக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதே. ஆயினும், விலைப் பட்டியலைக் கொண்டு ஒரு வித்தையை மதிப்பிடுவது, நகைக் கடையைக் கொண்டு கல்யாணத்தை மதிப்பிடுவது போலாகும். இந்த வித்தையில் பணம் கேட்பவை எவை, பணம் கேட்காதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதே இவ்வாரத்து வேலை.

முதலில் சரித்திரத்தைப் பார்ப்போம். சுமார் கி.பி. 200-இல் ஈலியன் என்னும் ஆசிரியர் கிரேக்க மொழியில் எழுதிய பிராணிகளைப் பற்றிய நூலில், மாஸிடோனியா தேசத்து ஆற்றங்கரை மக்கள் மீன் பிடித்த விதத்தை வர்ணித்திருக்கிறார். அவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, அதனுடன் சேவலின் இறகுகள் இரண்டைப் பொருத்தினார்கள். கழியின் நீளம் 6 அடி. கயிற்றின் நீளமும் 6 அடி. அவ்வளவுதான் அவர்களுடைய ஆஸ்தி. பின்னர் 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்லுகிறது. கழியை மரத்திலிருந்து வெட்டிப் பதப்படுத்துவது எப்படி, குதிரை வால் மயிரைச் சாயம் தோய்த்துக் கயிறாக முறுக்குவது எப்படி, தையல் ஊசியைக் காய்ச்சி வளைத்து முள்ளாக்குவது எப்படி என்பனவற்றையும் அந்நூல் கற்பிக்கிறது. கடைக்குப் போய் வாங்கு என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆகவே, இவ்வித்தை பிறந்த காலத்தில் அது கைத்தொழிலாக இருந்ததேயன்றிக் கடைத்தொழிலாக இருக்கவில்லை.

ஜப்பான் தேசத்து மலையோடைகளில் அந்த ஆதி முறை நெடுங்காலம் அழியாமல் இருந்து வந்தது. அதற்கு 'தெங்காரா' என்று பெயர். நீண்ட மூங்கில் கழி. அதன் நுனியில் ஏறக்குறைய அதே நீளமுள்ள கயிறு. கயிற்றின் முனையில் 'கெபாரி' என்னும் இறகு ஈ. சுற்றி வைக்கும் ரீல் கிடையாது. இதைக் கையாண்டவர்கள் பிரபுக்கள் அல்லர். பிடித்த மீனை விடுதிகளுக்கு விற்று ஜீவனம் செய்த மலைவாசிகள். ஓடையின் பூச்சிகளுக்கெல்லாம் பதிலாக, அநேகமாய் ஒரே தினுசு ஈயைக் கொண்டே அவர்கள் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். 2009-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இம்முறைக் கழிகளை விற்கத் தொடங்கியபின், மேல்நாட்டார் பலர் இதனை ஏதோ புதிய கண்டுபிடிப்பைப் போல வியந்து கற்கிறார்கள். குறுகிய ஓடையில் தொடங்குகிறவனுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி வேறில்லை. கழி ஒன்று, கயிறு ஒன்று, ஈ நாலைந்து இருந்தால் போதும்.

அகன்ற நீரில் தூரமாக வீச விரும்புகிறவர்களுக்கு ரீல் உள்ள மேல்நாட்டு முறை வேண்டியிருக்கும். இங்கேதான் பணம் வீணாகிறது. ஒவ்வொரு சாமானும் செய்யும் வேலையை அறிந்துவிட்டால் வீண் செலவுக்கு இடமிராது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஈக்கோ கனமே கிடையாது. இறகை எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். ஆகையால் இம்முறையில் கனம் முழுவதும் கயிற்றிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. நாம் வீசுவது கயிறு. ஈ அதன் பின்னே வெறும் பிரயாணியாகச் செல்லுகிறது. கயிற்றின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அதற்கு எண் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம் இருக்கும். ஒரு சவரனைவிடச் சற்று அதிகமான அந்த எடைதான் கழியை வளைத்து, வளைந்த கழி நிமிரும்போது ஈயை 40 அடிக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கழியிலும் அதற்கேற்ற எண் குறித்திருக்கும். இரண்டும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கழியும் ஒட்டடைக் கோல்தான்.

எனவே, பணத்தில் முதற்பங்கு கயிற்றுக்கு. நல்ல மிதக்கும் கயிறாக வாங்குக. இரண்டாவது பங்கு கழிக்கு. 9 அடி நீளமும் 5-ஆம் எண்ணும் உள்ள கழி தொடக்கக்காரனுக்குப் பல நீரிலும் உதவும். 1970-களில் கார்பன் கழிகள் வந்தபின், அதற்கு முன்னிருந்த கண்ணாடி நார்க் கழிகளைப் பலர் பரண்மேல் போட்டார்கள். அவை கிடைத்தால் கூச்சமின்றி வாங்கலாம். இணைப்பில் கீறல் இல்லையா, கயிறு செல்லும் வளையங்களில் தேய்ந்த பள்ளம் இல்லையா என்று மாத்திரம் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் விழுந்த வளையம் கயிற்றை அரம்போல் அறுத்துவிடும். கடைசிப் பங்கு ரீலுக்கு. சிறு மீனைக் கையாலேயே கயிற்றை இழுத்துக் கரை சேர்க்கலாமாதலால், ரீல் கயிற்றைச் சுற்றிவைக்கும் பெட்டியைப் போன்றதே. பெட்டிக்கு நகையைவிட அதிக விலை கொடுப்பார் உண்டோ?

கயிற்றுக்கும் ஈக்கும் இடையே, மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நரம்பு வேண்டும். தடித்த முனையில் தொடங்கிப் படிப்படியாக மெலியும் இதைக் கடையில் தனித்தனிப் பொட்டலமாக விற்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 0.45 மில்லிமீட்டர் நைலான் நரம்பில் 4 அடி, 0.35-இல் 2 அடி, 0.25-இல் 1 அடி, 0.18-இல் 2 அடி என்று வெட்டி, வரிசையாக முடிந்தால் 9 அடி ஆயிற்று. மேல்நாட்டுப் பொட்டலங்களில் நரம்பின் கனத்தை 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று குறித்திருப்பார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 4 எக்ஸ் என்றால் 7 பங்கு. அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டர்.

இனி, ஈயைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் ஜில்லாவில் ஏவன் நதியின் மேற்பகுதியைப் பாதுகாக்கும் காவலராக இருந்தவர் ஃபிராங்க் ஸாயர். இராணுவ அதிகாரிகளின் மீன்பிடிச் சங்கம் ஒன்றில் அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நாள் முழுதும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த அவர், மீன்கள் தங்கள் ஆகாரத்தில் பெரும்பகுதியை நீரின் மேற்பரப்பில் அல்ல, நீருக்குள்ளேயே இளம்பூச்சிகளாக உண்ணுகின்றன என்பதைக் கண்ணாரக் கண்டவர். அவர் அமைத்த ஈ ஒன்றுக்கு வேண்டியவை இரண்டே பொருள்கள்: ஃபெஸன்ட் பறவையின் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி. கட்டுவதற்கு நூல்கூடக் கிடையாது. கம்பியே கட்டும், கனமும் தரும். அவருடைய மற்றொரு ஈ இதனினும் எளியது. காலுறை தைப்பதற்காக விற்கப்பட்ட சாட்விக் கம்பெனியின் 477-ஆம் எண் கம்பளி நூலைக் கம்பியுடன் முள்ளில் சுற்றிவிட்டால் முடிந்தது. அந்த நூல் நனைந்தபோது மீனுக்குப் பிடித்த நிறமாயிற்று.

பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. அந்த நூலின் உற்பத்தி நின்றுபோயிற்று. உடனே பணமுள்ள தூண்டிற்காரர்கள் மிஞ்சிய அட்டைகளைத் தேடித் தேடி, பெருந்தொகை கொடுத்து வாங்கலானார்கள். சம்பளக்காரர் ஒருவர் மலிவாகக் கிடைத்ததனால் எடுத்துக்கொண்ட நூல், இவ்வாறு தனவந்தரின் பொக்கிஷமாகிவிட்டது. ஸாயரிடம் இருந்த சிறப்பு நூல் அன்று. ஆற்றைப் பார்த்த கண். அந்தக் கண்ணை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆதலால் அதற்கு ஏழை பணக்காரன் என்ற வித்தியாசமும் இல்லை.

நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. ஈ கட்டுவோர் நாடும் சேவல் கழுத்திறகு இந்தியாவிலிருந்து நெடுங்காலம் கப்பலேறிச் சென்றது. மயிலிறகின் மெல்லிய இழை, உலகெங்கும் எத்தனையோ ஈக்களுக்கு உடலாகிறது. பருத்தியை அனுப்பிவிட்டுத் துணியை விலைக்கு வாங்கிய கதை நமக்குப் புதிதன்று. சேவலும் மயிலும் உலாவும் ஊரிலிருந்துகொண்டு, அவற்றின் இறகுக்குக் கடல் கடந்த கடைக்குப் பணம் அனுப்புவது அழகாகுமா?

நீலகிரியில் டிரௌட் மீன் இருப்பது பலருக்குத் தெரியும். அது இந்நாட்டு மீன் அன்று. எச். ஸி. வில்ஸன் என்பவரின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டு, மலையோடைகளில் அது பரவியது. அக்காலத்தில் துரைமார்கள் கோல் பிடித்தார்கள்; நம்மவர் கூடை சுமந்தார்கள். இன்று கோலைப் பிடிக்க யாரும் தடை சொல்லுவதில்லை. ஆனால் விலைப் பட்டியல் அந்தப் பழைய தடையைச் செய்ய நாம் விடலாகாது. அவ்வோடைகள் பல காப்புக் காட்டில் இருப்பதால், வனத்துறையிடமும் மீன்துறையிடமும் விசாரித்து, அனுமதி பெற்ற பின்னரே கரையில் கால் வைக்கவேண்டும். மலைக்குப் போக முடியாதவர்கள் வருந்தவேண்டாம். 1952-இல் இலங்கையிலிருந்து நம் நாட்டிற்கு வந்து, குளம் குட்டைகளிலெல்லாம் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டை, மெல்ல இழுக்கப்படும் சிறு ஈயை விரும்பிக் கவ்வும். குளத்துக்குரியவரிடம் கேட்டுக்கொண்டு அதில் பழகலாம்.

நீருக்குப் போகுமுன் புல்தரையில் பழகவேண்டும். முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டுக. 25 அடிக் கயிற்றை முன்னே நீட்டிப் போடுக. கடிகாரத்தின் முள்ளைப் போலக் கழியைப் பாவித்து, முன்னே 10 மணிக்கும் பின்னே 1 மணிக்கும் இடையில் ஆட்டுக. மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டி, சட்டென்று நிறுத்தவேண்டும். நிறுத்தினால்தான் கழி வளைந்து நிமிர்ந்து கயிற்றை அனுப்பும். பின்பக்கம் கயிறு முழுவதும் நீளும்வரை பொறுத்து, அதன்பிறகே முன்னே வீசவேண்டும். பொறாதவனுடைய கயிறு சாட்டைபோல் 'சடீர்' என்று ஓசையிடும். முள் கட்டியிருந்தால் அப்போதே அறுந்து போயிருக்கும். தினம் கால் மணி நேரம் வீதம் இரண்டு வாரம் பழகினால் கை தானே அறிந்துகொள்ளும். நீண்ட காற்சட்டையும் பல பைகள் வைத்த மேலங்கியும் இல்லாமலே இதைச் செய்யலாம். ஆனால் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். பறக்கும் முள் கண்ணைப் பார்த்து வருவதில்லை.

"வாயில்லாப் பிராணியை வதைப்பது விளையாட்டா?" என்று கேட்கும் நேயர்களும் இருப்பார்கள். அவர்கள் கேட்பது சரியே. மனம் ஒப்பாதவர்கள் இதில் இறங்கவேண்டியதில்லை. இறங்குகிறவர்களுக்கு இரண்டு தர்மங்கள் உண்டு. உண்ணப் போகும் மீனை உடனே கொன்றுவிடவேண்டும், துடிக்க விடலாகாது. விட்டுவிடப் போகும் மீனை நனைத்த கையால் தொடவேண்டும்; உலர்ந்த கை அதன் உடலின் வழுவழுப்பைத் துடைத்து நோய்க்கு இடம் கொடுக்கும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை முன்னதாகவே குறட்டால் நசுக்கிவிட்டால், மீனுக்குக் காயம் குறையும். களைத்த மீனை ஓட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்து, அது தானே நீந்திப் போகும்வரை காத்திருக்கவேண்டும். இந்தத் தர்மங்களுக்கும் செலவு கிடையாது.

இவ்வாரத்துக்கு வீட்டுப்பாடம்: கிழிந்த கம்பளிச் சட்டை ஒன்றிலிருந்து ஒரு முழம் நூலும், பழுதான மின்சார விசிறியின் சுருளிலிருந்து ஒரு முழம் மெல்லிய செம்புக் கம்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு முள் ஒன்றில் கம்பியை இருமுறை சுற்றி, அதன்மேல் நூலை நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் மெலிந்தும் இருக்குமாறு சுற்றி, கம்பியால் இறுக்குங்கள். முதலாவது கோணலாக இருக்கும். ஐந்தாவது மீனுக்குப் போதுமானதாக இருக்கும். அடுத்த வாரம் முடிச்சுகளைப் பார்ப்போம்.